களிமண்ணின் பதத்தைப் போனில் சொல்லிக் கொடுத்த கதை

கொரோனாவால் பாடசாலை மூடிக் கிடந்த 2020 ஏப்ரல் கடைசியில் தரம் 8 பிள்ளைகளுக்கு நான் அனுப்பிய முதல் வீடியோ 4 நிமிடம். களிமண் உருண்டைக்குள் பெருவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஒரு சின்னச் சட்டி செய்து காட்டியிருந்தேன். அப்போது வாட்ஸப்பில் 16 எம்பிக்கு மேல் வீடியோ போகாது என்பதால் இரண்டாக வெட்டி அனுப்பினேன். 23 பிள்ளைகளில் 3 பேரிடமிருந்துதான் பதில் வந்தது. ஒரு பெடியன் மட்டும் படம் அனுப்பியிருந்தான். வாசல் படியில் மூன்றாகப் பிளந்து கிடந்தது சட்டி. கீழே எழுதியிருந்தான்: "ரீச்சர், நீங்கள் செய்த மாதிரித்தான் செய்தனான். வெடிச்சுப் போச்சு."

அவன் சொன்னது சரி. என் விரல் போன மாதிரியே அவன் விரலும் போயிருந்தது. ஆனால் என் கையில் இருந்தது வாளிக்குள் மூன்று மாதம் ஊறிக் கிடந்த களி. அவன் கையில் இருந்தது அன்று காலை கிணற்றடியில் அள்ளிய மண். வகுப்பறை என்றால் அந்த உருண்டையை நான் ஒருமுறை தொட்டிருப்பேன். "மணல் கூடிப் போச்சு, இந்தா, இந்தக் களியைக் கொஞ்சம் சேர்" என்றிருப்பேன். சித்திர ஆசிரியர் வகுப்புக்குள் நடந்து திரிவதே அதற்காகத்தான். அந்தத் தொடுகையை என் வீடியோ கொண்டுபோகவில்லை.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், வவுனிக்குளத்து வாய்க்கால் பாயும் ஊரொன்றில் நான் சித்திரம் படிப்பிக்கிறேன். 2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பஸ்டல் பெட்டி, பிறிஸ்டல் போட், தூரிகை எல்லாம் பள்ளிக்கூட அலுமாரிக்குள் பூட்டியபடி கிடந்தன. பிள்ளைகளிடம் இருந்தது பாதி முடிந்த சித்திரக் கொப்பி ஒன்றுதான். அன்றிலிருந்து 2021 நவம்பர் வரை, நீண்ட மூடல்கள் மட்டும் மூன்று. கையால் செய்து பழக வேண்டிய ஒரு பாடத்தை அந்த மூன்று காலத்திலும் எப்படி நடத்திப் பார்த்தேன், எது சரிவந்தது, எது வரவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன். இன்னொரு ஆசிரியருக்கோ வீட்டிலிருக்கும் ஒரு தாய்க்கோ உதவும் என்று நம்புகிறேன்.

வெடித்த சட்டியைப் பார்த்த அன்றே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கணக்கெடுத்தேன். 14 வீட்டில் தொடுதிரை போன். 6 வீட்டில் பொத்தான் போன். 3 வீட்டில் ஒன்றுமில்லை. அந்த 14 போனிலும் 9 போன் தகப்பனோடு வயலுக்குப் போய்ப் பொழுதுபட்ட பிறகே வீட்டுக்கு வரும். காலை 8 மணிக்கு நான் நடத்திய வகுப்பு யாருக்கு என்று அப்போதுதான் யோசித்தேன். வகுப்பைப் பின்னேரம் 6.30க்கு மாற்றினேன். நேரலையை விட்டேன். பாடத்தை ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் எண்ணிட்ட நாலு படமாகவும் மாற்றினேன். ஒரு நிமிடக் குரல் பதிவு, நான் அனுப்பிய வீடியோவின் நூறில் ஒரு பங்கு அளவுதான். ரீலோட் போடக் காசில்லாத வீட்டிலும் அது இறங்கும்.

சிக்னல் பிடிக்கப் பிள்ளைகள் குளக்கட்டுக்கு ஏறுகிறார்கள் என்று ஒரு தாய் சொன்னார். அந்தி நேரத்தில் அந்தப் பக்கம் யானை வரும். குளத்தில் முதலை உண்டு. எந்தப் பாடத்துக்காகவும் ஒருவரும் குளக்கட்டுக்குப் போகக் கூடாது, பதில் இரண்டு நாள் பிந்தி வந்தாலும் பரவாயில்லை என்று குரல் பதிவு போட்டேன். அந்த வாரம் முழுவதும் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பினேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. "மண் எடுத்து வா" என்று ஒரு சித்திர ஆசிரியர் எங்கும் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். வன்னியில் முடியாது. சொந்த வளவுக்குள், அல்லது வருடாவருடம் உழுது விதைக்கும் சொந்த வயலுக்குள் மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு சாண் ஆழத்துக்குள். பற்றைக்காடு, பழைய பதுங்குகுழி, கைவிட்ட காணி எதுவும் வேண்டாம். இரும்புத் துண்டு எது தட்டுப்பட்டாலும் தொடாமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஆனாலும் பாடத் தாளில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

என் முதல் வேலை, போட்டோவில் தெரியக்கூடிய ஒரு சோதனையைக் கண்டுபிடிப்பது. வகுப்பில் விரலால் உரசிப் பார்ப்பேன். அது போனில் நடக்காது. ஆகவே ஜாம் போத்தல். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சவர்க்காரத் தூள். மூடி நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனையால் ஒரு கோடு. இரண்டு மணித்தியாலத்தில் அதற்கு மேலே படிவது வண்டல். இன்னொரு கோடு. அதற்குப் பிறகும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்து, அடுத்த நாள் வரை மெல்ல மெல்ல இறங்குவதுதான் களி. அடுத்த நாள் காலை போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு படம். அவ்வளவு போதும். மேட்டுக்காணிச் செம்மண் போத்தல்களில் முக்கால்வாசி மணல். வயல் பள்ளத்துச் சாம்பல் மண்ணில் களிப் பட்டை தடிப்பாகத் தெரிந்தது. வெடித்த சட்டிக்காரப் பெடியனின் கிணற்றடி மண்ணில் களி விரல் தடிப்புக்கூட இல்லை. அவன் அதைத் தானே கண்டுபிடித்து எழுதினான். நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிறகு வடிப்பது. இதில் எல்லோரும் செய்யும் பிழை, ஈரக் களியை நேரே தண்ணீரில் போடுவது. அது கட்டி கட்டியாகவே கிடக்கும். முதலில் வெயிலில் கல்லுப்போலக் காய வைக்க வேண்டும். காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் பொரிந்து தானாக உதிரும். ஒரு இரவு ஊறவிட்டு, கலக்கி, மணல் அடியில் இருக்க மேல் கலங்கலை இன்னொரு வாளிக்கு ஊற்றி, பழைய நுளம்பு வலையாலும் பிறகு பழைய சீலையாலும் வடித்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட வேண்டும். மிஞ்சும் குழம்பைத் தலையணை உறையில் ஊற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட்டால், காற்றைப் பொறுத்து மூன்று நாலு நாளில் கைக்கு வரும். பென்சில் தடிப்பில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடிக்காமல் வளைந்தால் அது சட்டிக்கு ஆகும் களி.

இவ்வளவும் சரியாகப் போனது. இதற்குப் பிறகுதான் தடங்கல். "களி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டார்கள். பாடத்திட்டத்தில் உள்ள சொல்லைச் சொன்னேன்: இளகுதன்மை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருத்தியின் களி கையில் ஒட்டியது. இன்னொருத்தியின் களி உதிர்ந்தது. இரண்டு பேரும் "இளகித்தான் இருக்கு ரீச்சர்" என்றார்கள்.

இதற்கு வழி காட்டியது ஒரு பிள்ளையின் அம்மம்மா. பேத்தி போனைப் பிடித்திருக்க, பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது: "பிள்ளை, கொழுக்கட்டை மாப் பதமோ, றொட்டி மாப் பதமோ, அதைச் சொல்லு. நான் குழைச்சுக் குடுக்கிறன்." எத்தனையோ வருடம் மண் அடுப்புப் போட்டு, சாணம் மெழுகிய கை அது. பதம் என்ற சொல்லை நான் வீட்டில் நூறு தரம் சொல்லுவேன், வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றிரவு பாடத் தாள் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் தேவையான குழம்பு தோசை மாப் பதம். கிள்ளிச் சட்டி செய்யும் களி கொழுக்கட்டை மாப் பதம். சந்தேகம் வந்தால் காதுச் சோணையை அமத்திப் பார்த்துவிட்டுக் களியை அமத்து, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கைபிடி ஒட்டவும் கோலம் கீறவும் புதுச் சவர்க்காரக் கட்டிப் பதம்: நகம் பதியும், விரல் பதியாது. முழுக்கக் காய்ந்ததா என்று பார்க்கச் சட்டியைக் கன்னத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் ஆவியாகிப் போவதால்தான் குளிர்கிறது. குளிராவிட்டால் காய்ந்துவிட்டது. காதும் கன்னமும் நகமும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. குசினியில் மா குழைக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். பொத்தான் போன் வீடுகளுக்கும் இதைச் சொல்லலாம். அந்த 6 வீட்டுக்கும் செவ்வாய், வெள்ளிகளில் ஐந்து ஐந்து நிமிடம் எடுத்துக் கதைத்தேன்.

அம்மம்மா சொன்ன இன்னொன்று, "மண்ணை அவசரப்படுத்தக் கூடாது பிள்ளை, புளிக்க விடவேணும்." வடித்த களியை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் இரண்டு கிழமை வைத்தால் இழுவை கூடும். நான் மூன்று மாதம் வாளியில் ஊறவிட்டதும் அதற்குத்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன். பழகிப்போன வேலையில், கை தானாகச் செய்வது வாய்க்கு வருவதில்லை.

போனே இல்லாத 3 வீடுகளும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன. ஊரடங்குக்குள்ளும் வீடு வீடாகப் பால் எடுக்க வரும் அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். தாள்களை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது பால் கானோடு ஒரு சொப்பிங் பை தொங்கியது. உள்ளே தேசிக்காய் அளவில் மூன்று களி உருண்டை, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடுதாசியில் பெயர். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: "ரீச்சர், பதம் காணுமோ?"

உருண்டைகளை எடுத்துக் கையில் உருட்டினேன். ஒன்று நல்ல களி, தண்ணீர் கொஞ்சம் கூட. ஒன்றில் மணல் பல்லில் கடிபடும் அளவுக்கு இருந்தது. மூன்றாவதில் சின்னச் சின்ன வேர். ஐந்து நிமிடத்தில் மூன்று பேருக்கும் பதில் எழுதிவிட்டேன். அந்த மாதத்தில் நான் உண்மையாகவே படிப்பித்த ஐந்து நிமிடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. போன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் எல்லோரையும் விடச் சரியான பதில் போனது. அடுத்த கிழமையிலிருந்து 23 பேரிடமும் தேசிக்காய் உருண்டை கேட்டேன். பால்கார அண்ணை ஒரு சதமும் வாங்கவில்லை. உருண்டைகளை வாங்கியதும் ஒருநாள் வெயிலில் வைத்து, திரும்ப ஈரமாக்கித் தொட்டேன். அந்த நேரத்தில் எல்லோருக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது.

தொலைவிலிருந்து கற்பித்தல் என்றால் எங்களிடம் எல்லோரும் போனைப் பற்றியே பேசினார்கள். போன் குரலைக் கொண்டுபோகும், படத்தைக் கொண்டுபோகும். மண்ணைக் கொண்டுபோக ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். கையால் செய்யும் பாடத்துக்கு இரண்டும் தேவை.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. இரவில் மஞ்சள் பல்ப்பின் கீழ் எடுத்த படத்தை வைத்து நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. காலை வேளையில், வாசல் நிலையடியில், வெயில் நேரே படாத இடத்தில் எடுக்கச் சொன்னேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடுதாசித் துண்டு இருக்க வேண்டும். அது நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் படத்தின் நிறம் பிசகியிருக்கிறது என்று எனக்குப் புரியும். அளவு தெரிய ஒரு நெருப்புப்பெட்டி. புடைப்புச் சிற்பம் என்றால் இரவில் டோர்ச்சை ஒரு பக்கத்தால் சரித்துப் பிடித்து எடுக்க வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். முடிந்த பொருளை மட்டும் எடுக்காமல் பாதியில் ஒன்று, கை தெரிய ஒன்று. கை தெரியும் படத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பெருவிரலை வளைக்காமல் தட்டையாக அமத்தும் பிள்ளையின் சட்டி ஏன் வாய் விரிந்து போகிறது என்று அதில் தெரிந்தது.

ஜூலையில் பாடசாலை படிப்படியாகத் திறந்தது. ஒக்டோபர் தொடக்கத்தில் திரும்ப மூடியது. இப்போது பெரும்போக மழை. களி காயாது. ஆகவே நிறம் செய்யப் போனோம்.

கறுப்புக்குச் சிரட்டைக் கரி, சிவப்புக்கு உடைந்த ஓட்டுத்தூள், வெள்ளைக்கு அரைத்த முட்டைக்கோது. சுண்ணாம்பை நான் விட்டுவிட்டேன். கண்ணில் பட்டால் ஆபத்து, பக்கத்தில் நான் இல்லை. முட்டைக்கோது வெள்ளை மங்கல்தான், ஆனால் ஒருவரையும் சுடாது. எல்லாவற்றையும் அரைத்து, சீலைத் துணியில் அரித்து, தண்ணீரில் கலக்கிப் படியவிட்டு நுண்ணிய தூளை மட்டும் எடுக்க வேண்டும். களி வடித்த பிள்ளைகளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

மஞ்சளுக்குத்தான் பெரிய திண்டாட்டம். வீட்டில் மஞ்சள் இருக்குமே என்று நினைத்தேன். அந்த வருடம் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை. கிருமிக்கு நல்லதென்று வாசலில் தெளிக்கவும் குடிக்கவும் ஊரெல்லாம் மஞ்சள் தேட, விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. சித்திரத்துக்கு மஞ்சள் கேட்டால் எந்தத் தாய் தருவார்? கேட்கவும் கூடாது. ஒரு பிள்ளையின் தகப்பன் தச்சுவேலை செய்பவர். பழைய பலாக் கட்டில் ஒன்றை அரிந்த தூள் பட்டறையில் கிடக்கிறது, கை எல்லாம் மஞ்சளாகிறது என்று அவள் எழுதினாள். பிக்குமாரின் காவி உடைக்குச் சாயம் ஊற்றியதே பலா மர வைரத்தில்தான். தூளைச் சீனாக்காரத்தோடு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து வடித்தால் தெளிவான மஞ்சள் சாயம் வந்தது. பால்கார அண்ணை அந்தத் தூளைப் பொட்டலம் பொட்டலமாக 20 வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நீலத்துக்குக் காக்கணம் பூ. தேசிப்புளி விட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறுவதைப் பார்த்து வந்த குரல் பதிவுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு கிழமையில் அந்த நீலம் வெளுத்துவிட்டது. அகத்தி இலைப் பச்சை அதைவிட விரைவாகப் பழுப்பானது. கல், மண், கரி நின்றது. பூவும் இலையும் போனது. நிற்கும் நீலம் ஒன்றை வளவுக்குள் நாங்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நிறத்தூளைத் தாளில் பிடிக்க வைப்பது அடுத்த சிக்கல். கஞ்சியில் தொடங்கினோம். மூன்றாம் நாள் புளித்து மணந்தது; இரவில் கரப்பொத்தான் வந்து படத்தைத் தின்றது. முருங்கைப் பிசினை ஊறப்போட்டோம். அது கரையாமல் ஊதிப் பெருத்துச் சவ்வாக நின்றது. சரிவந்தது விளாம் பிசின். வன்னியில் விளா மரம் இல்லாத ஊர் குறைவு. கண்டிக் காலத்து விகாரை ஓவியங்களில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தப் பிசின்தான். ஒரு கரண்டி பிசினுக்கு மூன்று கரண்டி தண்ணீர், ஒரு இரவு ஊறல், சீலையில் வடித்தல், பூசணம் பிடிக்காமல் இரண்டு கராம்பு. பதம் நல்லெண்ணெய்ப் பதம்.

இதிலும் தூரத்திலிருந்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை வேண்டும். ஒரு பட்டை பூசிக் காயவிட்டு விரலால் உரச வேண்டும். விரலில் தூள் ஒட்டினால் பிசின் குறைவு. பட்டை பளபளத்து வெடித்துச் சுருண்டால் பிசின் கூட. உரசிய விரலையும் பட்டையையும் சேர்த்து ஒரு படம். 17 பேர் அனுப்பினார்கள். பதில் ஒரு சொல்லில் முடிந்தது: "கூட்டு" அல்லது "குறை".

டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை தொட்டது. அந்தக் கிழமை மழையில் வீட்டுக்கு வீடு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விளாம் பிசின் ஈரத்தை இழுக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அடுக்கி வைக்கச் சொன்னது நான்தான். பிரித்தெடுத்ததில் பாதி கிழிந்தது. ஒரு பிள்ளை மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, அவளுக்கு அது நியாயமான கோபம். மிஞ்சிய படங்களை அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டோம். அந்தப் படங்களில் இப்போதும் புகை மணம் உண்டு.

2021 ஏப்ரல் கடைசியில் மூன்றாம் மூடல். மே 21இலிருந்து ஜூன் 21 வரை பயணக் கட்டுப்பாடு. வெளியில் போக முடியாத அந்த மாதம் வெயில் நன்றாக எறித்தது. ஒரு வருடத்துக்கு மேலாகச் செய்து அடுக்கிய சட்டிகளைச் சுடுவதென்று முடிவெடுத்தோம். இதை எழுதும்போதும் யோசனையாகத்தான் இருக்கிறது: தொலைவிலிருந்து நெருப்பு வேலை சொல்லிக் கொடுப்பது சரியா? பெரியவர் ஒருவர் முழு நேரமும் நிற்பதாகத் தாயோ தகப்பனோ தாங்களே குரல் பதிவு அனுப்பிய வீடுகளுக்கு மட்டும்தான் முறையை அனுப்பினேன்.

முறை இது. கன்னத்தில் குளிராத சட்டியை இரண்டு இரவு விறகு அடுப்பின் ஓரத்துச் சூட்டில் வைக்க வேண்டும். வளவில் முழங்கை ஆழத்துக் குழி. அதை வெட்டுவது பெரியவர், பல வருடம் கொத்திப் பயிர் வைத்த இடத்தில் மட்டும். அடியில் உடைந்த ஓடு பரப்பி, அதன் மேல் சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பொச்சுமட்டையும் சிரட்டையும், இடையெல்லாம் உமி, மேலே ஒரு சாண் உமி. நெருப்பை மேலிருந்து மூட்ட வேண்டும். கீழிருந்து மூட்டினால் சூடு திடீரென்று ஏறி, மிஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சட்டியைப் பிளக்கும். மேலிருந்து மூட்டினால் உமி கனன்று கனன்று மெல்லக் கீழே இறங்கும். அடுத்த நாள் காலை வரை கிளறக் கூடாது.

சோளகக் காற்றை மறந்திருந்தேன். ஜூன் மாதத்தில் காலை 9 மணிக்குப் பிறகு அது வீசத் தொடங்கினால் குழியின் ஒரு பக்கம் மட்டும் கொழுந்துவிட்டு எரியும். முதல் இரண்டு வீட்டில் அப்படித்தான் ஆனது. பிறகு விடிய 5 மணிக்கு மூட்டி, காற்றுப் பக்கத்தைத் தகரத்தால் மறைத்தோம்.

வெந்ததா என்று போனில் எப்படி அறிவது? சட்டியைச் சுண்டிப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்தது "கிண்" என்னும். கீறல் விழுந்தது, சரியாக வேகாதது "தொக்கு" என்னும். குரல் பதிவில் அது அப்படியே கேட்கிறது. பொத்தான் போனிலும் கேட்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வந்தவை முழுக்கச் சட்டிச் சத்தங்கள். ஒரு தாய் கூப்பிட்டு, "ரீச்சர், கேளுங்கோ" என்று மட்டும் சொல்லி ஐந்து சட்டியையும் வரிசையாகச் சுண்டினார். அவர் 2009இல் தரம் 9ஓடு பள்ளிக்கூடம் விட்டவர். அந்த ஐந்தில் இரண்டு சட்டி அவர் தனக்காகச் செய்தவை.

17 பிள்ளைகளின் 31 சட்டியில் 19 தப்பின. 7 வெடித்தன, எல்லாம் கன்னச் சோதனையை அவசரத்தில் விட்டவை. 3 காற்றுப் பக்கத்தில் கீறின. 2 சட்டி நல்ல சத்தத்தோடு வெளியே வந்து, ஒரு கிழமைக்குப் பிறகு சின்னச் சின்னச் செதிலாகத் தெறித்தன. அது என்னவென்று எனக்கு உடனே பிடிபடவில்லை. செதில் விழுந்த குழிக்குள் வெள்ளைப் புள்ளி இருப்பதைப் பிள்ளைதான் காட்டினாள். வயல் களிக்குள் கிடந்த நத்தை ஓடு. நெருப்பில் அது சுண்ணாம்பாகி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீறி வீங்கிச் சட்டியைத் தெறிக்க வைத்திருக்கிறது. நுளம்பு வலையோடு நிறுத்தாமல் சீலையாலும் வடித்த வீடுகளில் இந்தத் தெறிப்பு இல்லை.

6 பிள்ளைகள் கடைசி வரை சேரவில்லை. இரண்டு பேர் கச்சான் பிடுங்கப் போனார்கள். ஒரு குடும்பம் இடம் மாறியது. மற்ற மூன்று பேருக்கு நான் எடுத்த அழைப்புகள் போதவில்லை. ஜூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது நானும் நிறுத்தினேன். அந்த மாதங்களில் நான் ஒன்றும் அனுப்பாமலே சில வீடுகளில் இரண்டாம் குழி மூட்டியிருந்தார்கள் என்பது நவம்பரில்தான் தெரிந்தது.

நவம்பரில் பிள்ளைகள் வந்தபோது சட்டிகளைக் கடகத்தில் வைக்கோல் போட்டு அடுக்கிக் கொண்டுவந்தார்கள். தரம் 8இல் விட்ட பிள்ளைகள் தரம் 9 முடியப் போகிறார்கள். மேசையில் வைத்ததும் முதல் வேலையாக ஒருவரின் சட்டியை மற்றவர் எடுத்துச் சுண்டினார்கள், கன்னத்தில் வைத்தார்கள். முதல் சட்டி வெடித்த பெடியன் இரண்டு கொண்டுவந்திருந்தான். ஒன்றின் அடியில் வெடித்த அந்தப் பழைய சட்டியை இடித்த தூள் கலந்திருப்பதாகச் சொன்னான். களியில் உமியோ இடித்த ஓடோ கலந்தால் வெடிப்புக் குறையும் என்று நான் ஒரு குரல் பதிவில் சொல்லியிருந்தேன். எத்தனை பங்குக்கு எத்தனை கலந்தாய் என்று கேட்டேன். ஐந்துக்கு ஒன்று என்றான். தடவிப் பார்த்தேன், கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் சத்தம் நல்ல சத்தம்.

அவன் சொன்ன கணக்கில் ஒரு வாளி களி இப்போது சித்திர அறை மூலையில் ஊறுகிறது. சீலையால் வடித்தாயிற்று. இன்னும் பத்து நாள் புளிக்க வேண்டும்.